எக்ஸ்ரே மையத்தில் டோஸ் கணக்கு: டிஎல்டி பேட்ஜ் வாங்குவது முதல் அறிக்கை படிப்பது வரை

எங்கள் மையத்தின் டெக்னீஷியன் தம்பிக்கு மூன்று மாத டோஸ், அதாவது அவர் வாங்கிய கதிர்வீச்சின் அளவு, 12 மில்லிசீவர்ட்டுக்கு மேல் என்று அறிக்கை வந்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. சின்ன ஊர், ஒரே ஒரு எக்ஸ்ரே மெஷின். அதுவரை வந்த எல்லா அறிக்கையிலும் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம்தான். "அண்ணே, எனக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், நம் பேச்சில் ஆர்எஸ்ஓ, என்று தாளில் இருந்தது என் பெயர்.

விசாரித்ததில், அந்தக் காலாண்டில் இருபது நாள் அவர் தங்கை கல்யாணத்துக்காக லீவில் இருந்திருக்கிறார். அந்த டோஸை அளக்க அவர் உடம்பில் அணியும் டிஎல்டி பேட்ஜ் லீவில் போகவில்லை. கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனில் குத்தியபடி, செஸ்ட் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அகலமாகத் திறந்த ஒவ்வொரு செஸ்ட் எக்ஸ்ரேயின் ஓரமும் அதன்மேல் விழுந்திருக்கிறது. அந்த 12 மில்லிசீவர்ட் ஏப்ரன் வாங்கியது, ஆள் வாங்கியது அல்ல. இதை எழுத்தில் நிரூபிக்க நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். புதிதாக மையம் திறப்பவர்களும், "நீயே ஆர்எஸ்ஓவா இருந்துக்கோ" என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பொறுப்பேற்றவர்களும் வரிசையாகப் படித்துக்கொண்டு போங்கள்.

1. எந்த அலகு எதற்கு

பெக்கரல் என்பது கதிரியக்கப் பொருளின் அலகு: விநாடிக்கு ஒரு அணுக்கரு சிதைந்தால் ஒரு பெக்கரல். அயோடின், கோபால்ட் போன்ற பொருளைக் கையாளும் இடத்துக்கு அது வேண்டும். எக்ஸ்ரே மெஷினுக்கு வேண்டாம். ஸ்விட்சை விட்டதும் கதிர் நின்றுவிடும், அறையில் எதுவும் மிச்சம் இருக்காது. "ராத்திரி அந்த ரூமைக் கூட்டலாமா?" என்று துப்புரவுப் பணியாளர் அக்கா கேட்டால் தைரியமாகக் கூட்டச் சொல்லுங்கள்.

கிரே என்பது ஒரு கிலோ பொருள் உறிஞ்சிய ஆற்றல், ஜூலில். சீவர்ட் என்பது அது உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று சரிக்கட்டிய கணக்கு. ஆல்பா கதிருக்கு 20ஆல் பெருக்க வேண்டும். எக்ஸ்ரே, காமா, பீட்டாவுக்குப் பெருக்கும் எண் 1. அதனால் நம் அறையில் கிரேயையும் சீவர்ட்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். பழைய மீட்டர்கள் மில்லிரான்ட்ஜனில் காட்டும். 1 மில்லிரான்ட்ஜன் தோராயமாக 10 மைக்ரோசீவர்ட்.

வரம்புகள்: கதிர்வீச்சுப் பணியாளருக்குத் தொடர்ந்து ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. மண், வானம், காற்று என்று இயற்கையிலிருந்தே உலக மனிதர் வாங்குவது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு செஸ்ட் எக்ஸ்ரேயில் பேஷண்ட் வாங்குவது 0.1க்கும் கீழே. அறிக்கையில் ஓர் எண்ணைப் பார்த்ததும் இந்த நான்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பயப்படுங்கள்.

2. ஈலோராவில் கணக்கு தொடங்குங்கள்

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், சுருக்கமாக ஏஇஆர்பி, எல்லா அனுமதியையும் ஈலோரா என்ற இணைய வாசல் வழியாகத்தான் தருகிறது. முதலில் நிறுவனப் பதிவு. அதை உரிமையாளர் பெயரில் செய்ய வேண்டும், டெக்னீஷியன் பெயரில் அல்ல. உரிமையாளரின் அடையாளச் சான்று, பான் கார்டு, மையத்தின் முகவரிச் சான்று மூன்றையும் ஸ்கேன் செய்து கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பிறகு ஆர்எஸ்ஓ நியமனம், மெஷின் விவரம், தரச் சோதனை அறிக்கை, கடைசியில் இயக்க உரிமம்.

இங்கே இரண்டு குழிகள். ஒன்று, மெஷின் மாடலுக்கு ஏஇஆர்பியின் வகை ஒப்புதல் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மெஷின் வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு, பதிவில் கொடுக்கும் மின்னஞ்சல். நாங்கள் மெஷின் விற்க வந்த ஏஜென்டின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தோம். அவர் வேலை மாறிப் போனதும் பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. மீட்டு எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

3. எத்தனை பேட்ஜ்? செலவு எவ்வளவு?

டிஎல்டி சேவையை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் நடத்துகின்றன. உங்கள் மாநிலம் எந்த ஆய்வகத்துக்கு உட்பட்டது என்று பார்த்து அங்கே விண்ணப்பியுங்கள்.

எக்ஸ்போஷர் கொடுப்பவர், ரேடியாலஜிஸ்ட், ஃப்ளூரோஸ்கோபியில் (தொடர்ந்து ஓடும் எக்ஸ்ரே படம்) பக்கத்தில் நிற்பவர், ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே மெஷினுடன் வேலை செய்பவர்: இவர்களுக்குப் பேட்ஜ். ரிசப்ஷனில் பில் போடும் பெண்ணுக்கு வேண்டாம். 18 வயது ஆகாதவரைக் கதிர்வீச்சுப் பணியாளராக வைக்கவே கூடாது. பேட்ஜ் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

செலவைப் பேட்ஜ் கணக்கில் போடாதீர்கள், பேட்ஜுக்குள் காலாண்டுக்கு ஒருமுறை மாற்றும் கார்டு கணக்கில் போடுங்கள். ஆள் நான்கு, அதோடு யாரும் அணியாத ஒப்பீட்டுக் கார்டான கன்ட்ரோல் ஒன்று (6இல் சொல்கிறேன்), மொத்தம் ஐந்து. மூன்று மாதத்துக்கு ஒரு கார்டு என்றால் ஆண்டுக்கு இருபது. ஒரு கார்டின் கட்டணம் பெரிதல்ல, சில நூறு ரூபாய்தான். ஆனால் மேலே ஜிஎஸ்டி, கார்டை மாட்டும் ஹோல்டருக்கு ஒருமுறை விலை, திருப்பி அனுப்பும் கூரியர், தொலைத்தால் தண்டம் எல்லாம் சேரும். எங்கள் இடத்தில் பேட்ஜ் கட்டணத்தைவிடத் தொலைத்த தண்டத்துக்குத்தான் டாக்டர் அதிகம் கோபப்பட்டார். விண்ணப்பத்தோடு வரும் கட்டணப் பட்டியலைப் பார்த்து ஆண்டுத் தொகையை மொத்தமாக ஒதுக்கச் சொல்லுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை செக் கையெழுத்துக்கு அலைந்தால் ஏதாவது ஒரு காலாண்டில் சேவை அறுந்துபோகும்.

4. விண்ணப்பம்: இனிஷியல் விவகாரம்

ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த தேதி, பாலினம், படிப்பு, வேலையின் தன்மை, புகைப்படம், கையெழுத்து கேட்பார்கள். இதில் நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. டிப்ளமோ சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், பான் கார்டில் வேறு மாதிரி இருக்கும். ஈலோராவில் ஒன்று, டிஎல்டி விண்ணப்பத்தில் இன்னொன்று என்று போட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். ஏதாவது ஒரு சான்றை முடிவு செய்துகொண்டு, எழுத்துக்கு எழுத்து அதன்படியே எல்லா இடத்திலும் நிரப்புங்கள்.

இதைவிட முக்கியமானது முன் அனுபவம். உங்களிடம் சேருபவர் ஏற்கெனவே வேறு ஆஸ்பத்திரியில் பேட்ஜ் போட்டிருந்தால் அவருக்கென்று ஒரு தனி எண் இருக்கும். அந்த எண் ஆளோடு போகும், நிறுவனத்தோடு அல்ல. அதை எழுதாமல் "புதியவர்" என்று விண்ணப்பித்தால் அவருடைய பழைய டோஸ் ஒரு பக்கமும் புதியது ஒரு பக்கமும் கிடக்கும். ஐந்தாண்டுக் கூட்டுத்தொகை தப்பாகிவிடும். நேர்முகத்திலேயே கேட்டு வாங்குங்கள். "நினைவில்லை" என்றால் பழைய இடத்து டோஸ் அறிக்கையின் நகல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

5. கார்டு வந்ததும் ஹோல்டரில் போடும் முறை

உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தால் தப்பாக மாட்ட மாட்டீர்கள். ஒரு சிறிய அலுமினியத் தகட்டில் மூன்று வெள்ளை வில்லைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. கால்சியம் சல்ஃபேட்டில் டிஸ்ப்ரோசியம் சேர்த்து டெஃப்ளானோடு கலந்து செய்தது. கதிர் பட்டால் அந்த ஆற்றலின் ஒரு பகுதியை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கும்போது பிடித்து வைத்ததை ஒளியாக விடும். எவ்வளவு ஒளி வந்ததோ அவ்வளவு டோஸ்.

ஹோல்டரில் இந்த மூன்று வில்லைக்கும் மூன்று ஜன்னல்கள். ஒன்றின்மேல் செம்பும் அலுமினியமும், நடுவில் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. இந்த வில்லை மென்மையான, அதாவது ஆற்றல் குறைந்த, எக்ஸ்ரேயை உடம்பைவிடப் பல மடங்கு கூட்டிக் காட்டும். உலோகத்துக்குப் பின்னால் இருப்பதும் திறந்திருப்பதும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்று பார்த்துத்தான் வந்தது எந்த ஆற்றல் கதிர் என்று கண்டுபிடித்து டோஸைத் திருத்துகிறார்கள். ஆகவே கார்டைத் தலைகீழாகப் போட்டால் கணக்கே புரண்டுவிடும். தகட்டின் ஒரு மூலையில் வெட்டு இருப்பது இதற்காகத்தான். அந்த வெட்டு ஹோல்டரில் பொருந்த வேண்டும், அழுத்தித் திணிக்கக் கூடாது. ஹோல்டர் இல்லாமல் வெறும் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது பேட்ஜ் போடாததற்குச் சமம்.

கார்டைச் சுற்றியிருக்கும் காகித உறையைப் பிரிக்காதீர்கள். பெயர், தனி எண், காலம் எல்லாம் அதில்தான் அச்சடித்திருக்கும். வெளிச்சமும் தூசியும் வில்லையில் படாமல் காப்பதும் அதுவே. எங்கள் ஊழியர் ஒருவர் "பாலித்தீன் கவர் மாதிரி இருக்குமோ" என்று நினைத்து ஐந்தையும் பிரித்து வைத்துவிட்டார்.

6. கன்ட்ரோல் பேட்ஜ்: எல்லாரும் கோட்டைவிடும் இடம்

பெட்டியில் யார் பெயரும் இல்லாமல் ஒரு கார்டு கூடுதலாக வரும். "உபரி போல" என்று அதைப் புது ஆளுக்குக் கொடுத்தவர்களை நான் அறிவேன். அது உபரி இல்லை, உங்கள் தராசின் பூஜ்யம்.

எந்தப் பேட்ஜும் கூரியர் பயணத்திலும் மேசை இழுப்பறையிலும்கூடக் கொஞ்சம் கதிர் வாங்கிக்கொண்டே இருக்கும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர் மூன்று மாதத்தில் தோராயமாக 0.2 மில்லிசீவர்ட். மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கம் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் அங்கே இன்னும் அதிகம். இதை வேலையில் வாங்கியதாகக் கணக்கில் ஏற்றக் கூடாது. அதனால் கன்ட்ரோலில் பதிவானதை ஒவ்வொருவர் எண்ணிலிருந்தும் கழிக்கிறார்கள். கன்ட்ரோலும் மற்றவையும் ஒரே பெட்டியில் வந்து, ஒரே கட்டடத்தில் தங்கி, ஒரே பெட்டியில் திரும்பிப் போனால்தான் அந்தக் கழித்தல் சரி.

இப்போது கன்ட்ரோலை எக்ஸ்ரே அறையிலேயே வைத்தீர்கள் என்று வையுங்கள். அது நிறைய வாங்கும், கழிவும் பெரிதாகும், உண்மையில் டோஸ் வாங்கியவருக்கும் பூஜ்யம் என்று வரும். எங்களுக்கு முதல் ஒன்றரை ஆண்டு வந்த பூஜ்யங்களில் எத்தனை உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஏனென்றால் கன்ட்ரோல் கார்டு, மெஷினை இயக்கும் கன்சோல் மேசைக்கு அடியில் இருந்தது. இப்போது இரண்டு சுவர் தள்ளி, அக்கவுண்ட்ஸ் அறையில், ஆணியடித்த சின்னப் பலகையில் எல்லாப் பேட்ஜையும் மாட்டுகிறோம். நடுவில் கன்ட்ரோல். சாயந்தரம் கிளம்பும்போது பலகையில் ஒரு ஆணி காலியாக இருந்தால் யாருடையது எங்கோ கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

7. அணிவது

நெஞ்சு உயரத்தில், ஏப்ரனுக்கு உள்ளே. வெளியே குத்தினால் ஏப்ரன் வாங்கும் டோஸ் உங்கள் பெயரில் ஏறும். ஒருவர் பேட்ஜை இன்னொருவர் ஒரு நாள்கூடப் போடக் கூடாது. உங்களுக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தால் பேட்ஜைக் கழற்றிவிட்டுப் போங்கள். அது பேஷண்ட் டோஸ், பணி டோஸ் அல்ல. இரண்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் முதலாவது இடத்துப் பேட்ஜை இரண்டாவது இடத்துக்கு எடுத்துப்போகாமல், அங்கே தன் அதே தனி எண்ணில் இன்னொன்று கேட்க வேண்டும்.

துவைக்கப் போட்ட கோட்டில் பேட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இஸ்திரிப் பெட்டியின் சூடு வில்லை பிடித்து வைத்திருப்பதைக் கலைத்துவிடும்.

கர்ப்பம் தெரிந்ததும் பெண் பணியாளர் நிர்வாகத்துக்கும் ஆர்எஸ்ஓவுக்கும் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். இதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று மறைப்பவர்கள் உண்டு. சொன்னால் வேலை மாற்றிக் கொடுப்போம் என்று சேரும் அன்றே சொல்லிவிடுங்கள்.

8. காலாண்டு முடிவு: திருப்பி அனுப்புதல்

புதிய கார்டுகள் வந்ததும் பழையதை எடுத்துவிட்டு மாட்டி, பழையதை அந்த வாரத்துக்குள்ளேயே அனுப்பிவிடுங்கள். கன்ட்ரோலையும் சேர்த்து. அனுப்புவதற்கு முன் எல்லாக் கார்டையும் மேசையில் பரப்பி உறையில் உள்ள பெயரும் காலமும் தெரியும்படி போனில் ஒரு படம். கூரியர் ரசீதை அதே ஃபைலில் ஒட்டுங்கள். ஒரு கார்டு எங்கே போனது என்ற கேள்வி வரும்போது இந்தப் படம்தான் பேசும். இரண்டு காலாண்டுக் கார்டுகளைச் சேர்த்து அனுப்புவது கூடாது. எந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று பிறகு பிரிக்க முடியாது.

ஒருமுறை சூடாக்கிப் படித்தால் வில்லை காலியாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். "திரும்பவும் ஒரு தடவை படித்துப் பாருங்களேன்" என்று கேட்டுப் பலனில்லை.

9. அறிக்கையைப் படிப்பது, பெரிய எண் வந்தால் செய்வது

அறிக்கை சில வாரம் கழித்துத்தான் வரும். வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள்: அந்தக் காலாண்டின் எண், அந்த ஆண்டில் இதுவரை, "கார்டு வரவில்லை" என்ற குறிப்பு ஏதாவது உண்டா. அந்தக் குறிப்பு பூஜ்யம் இல்லை. அந்த ஆளின் மூன்று மாதம் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு சேவைக் காலத்தில் 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் விசாரணை உண்டு. ஒரு படிவம் வரும். உண்மையிலேயே ஆள் வாங்கியதா, பேட்ஜ் மட்டும் வாங்கியதா என்பதே கேள்வி. அந்தக் காலத்தில் எடுத்த எக்ஸ்ரேக்களின் எண்ணிக்கை, வேலை நேரம், லீவு, பேட்ஜ் வைக்கும் இடம், அதே அறையில் வேலை செய்த மற்றவர்களின் டோஸ் எல்லாவற்றையும் கேட்பார்கள். எங்களைக் காப்பாற்றியது ஹாஜர்ப் பதிவேடும் எக்ஸ்ரே ரிஜிஸ்டரும்தான். இருபது நாள் லீவு அதில் இருந்தது. அதே ஷிப்டில் இருந்த இன்னொருவருக்குப் பூஜ்யம் என்பதும் இருந்தது. கொக்கி எங்கே இருந்தது என்று அளவோடு ஒரு படம் வரைந்து இணைத்தேன். தம்பியிடம் "நான்தான் கவனக்குறைவாக வைத்தேன்" என்று பொய்யாக எழுதி வாங்காதீர்கள், டாக்டர் சொன்னாலும் வாங்காதீர்கள். நாளை வேறு இடத்தில் வேலைக்குப் போகும்போது அந்தத் தாள் அவரோடு போகும்.

10. அறையை மீட்டரால் அளப்பது

பேட்ஜ் மூன்று மாதம் கழித்துப் பேசும். சுவரும் கதவும் சரியா என்று இன்றே தெரிய சர்வே மீட்டர் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனைக்கு வரும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தாரே இதையும் செய்வார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். பேஷண்ட் இடத்தில் தண்ணீர் நிரப்பிய பாத்திரம் வைத்து எக்ஸ்போஷர் கொடுத்து, கன்சோல், கதவு, டார்க் ரூம், காத்திருக்கும் இடம் என்று அளப்பார்கள்.

மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து எங்கள் டாக்டர் பதறிவிட்டார். கதவுக்கு வெளியே மணிக்கு 30 மில்லிரான்ட்ஜன். ஆனால் மெஷின் மணிக்கணக்கில் எரிவதில்லையே. கணக்கு இப்படி: நாளைக்கு 40 எக்ஸ்போஷர், ஒன்றுக்குச் சராசரி 20 எம்ஏஎஸ் (குழாயில் ஓடும் மின்னோட்டமான மில்லிஆம்பியரை, அதாவது எம்ஏவை, விநாடியால் பெருக்கியது), வாரம் 6 நாள் என்றால் 4,800. அதை 60ஆல் வகுத்தால் வாரத்துக்கு 80 எம்ஏ-நிமிடம். இதை 30ஆல் பெருக்கி, 60 × 100ஆல் வகுக்க வேண்டும். 60 என்பது மணிக்கு நிமிடம், 100 என்பது அளக்கும்போது வைத்த எம்ஏ. விடை வாரத்துக்கு 0.4 மில்லிரான்ட்ஜன். பொதுமக்கள் நிற்கும் இடத்துக்கு வரம்பு வாரத்துக்கு 2, பணியாளர் இடத்துக்கு 40. நல்ல கதவுதான். ஆனால் நாளைக்கு 40 என்பது 250 ஆனால் அதே கதவு வரம்பைத் தாண்டிவிடும். கூட்டம் பெருகினால் பழைய அறிக்கையை நம்பாமல் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள்.

ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் கைகர் கவுண்டரை வாங்கி இந்த வேலைக்கு வைக்காதீர்கள். நானும் வாங்கினேன். அது சீசியத்தின் காமா கதிருக்குச் சரிபார்த்தது. நம் அறையில் சிதறும் கதிர் அதில் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்கூட இல்லாதது, வருவதும் நொடிக்கும் குறைவாக. சில சமயம் பல மடங்கு கூட்டிக் காட்டும், சில சமயம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். இப்போது என் பையன் அதை வைத்துக்கொண்டு வீட்டுக் கிரானைட்டை அளந்துகொண்டிருக்கிறான்.

11. ஆள் வேலையை விட்டுப் போகும்போது

கடைசி நாளில் பேட்ஜை வாங்கிக்கொண்டுதான் கணக்கை முடியுங்கள். அந்தக் கார்டின் அறிக்கை அவர் போன பிறகுதான் வரும், எனவே அவருடைய இப்போதைய முகவரியை வாங்கி வைத்து நகலை அனுப்புங்கள். இதுவரையிலான டோஸ் விவரத்தையும் தனி எண்ணையும் அனுபவச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுங்கள். ஆய்வகத்துக்கு "இவருக்குச் சேவையை நிறுத்தவும்" என்று உடனே எழுதுங்கள். எழுத மறந்து, ஆறு மாதம் இல்லாத ஆளுக்குக் கார்டு வந்து, பணமும் கட்டி, அந்தக் கார்டுகள் இழுப்பறையில் கிடந்தன. அவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது இரண்டில் ஒன்றைக் காணோம்.

தம்பி இப்போது வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேனில் இருக்கிறார். போகும்போது தன் ஃபைலை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். அந்த 12க்கான விசாரணைத் தாள்கள் அதில் மேலேயே இருக்கின்றன.